உபய நாள் ஒன்று, உபயகாரர் இருவர்

சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் ஒரு கோயில் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டத்துக் கோயிலாகப் பிறந்து, தோட்டம் வீடமைப்புப் பகுதியான பிறகு பட்டணத்துக் கோயிலாகிவிட்ட ஒன்று. நவராத்திரி உபயத்தை இத்தனை காலமும் ஒரு நீளப் புத்தகத்தில் எழுதிவந்தார்கள். புத்தகம் ஒன்று, அதைத் திறக்கிறவர் செயலாளர் ஒருவர். மூன்றாம் நாள் வேண்டும் என்று யாராவது கேட்டால் பக்கத்தைப் பார்ப்பார்; காலியாக இருந்தால் அங்கேயே பெயரை எழுதிவிடுவார். அடுத்து வருகிறவர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நான்காம் நாளைக் கேட்பார்.

இப்போது புத்தகத்தின் இடத்தில் ஓர் இணையப் பக்கம். கூலிமில் வேலை பார்க்கும் ஊர்ப்பிள்ளை ஒருவர் இரவுகளில் உட்கார்ந்து, காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தது. நிர்வாகக் குழுவினர் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு நாளைப் பதிந்து பார்த்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. முன்பதிவு தொடங்கிய காலையில் பீடோங்கில் ஒரு குடும்பமும் பாடாங் செராயில் ஒரு குடும்பமும் ஒரே நேரத்தில் மூன்றாம் நாளைத் தட்டுகின்றன. இரு வீட்டுக்கும் 'பதிவு உறுதி' என்று செய்தி போகிறது. அம்மாவின் பெயரில் முதல் உபயம் என்று இரு வீட்டாரும் சொந்தபந்தங்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

பிழை எங்கே? அந்தப் பிள்ளை, செயலாளர் செய்த இரண்டு வேலைகளையே நிரலாக எழுதியிருக்கிறார்: முதலில் பார், காலியாக இருந்தால் எழுது. செயலாளர் செய்த மூன்றாவது காரியம் ஒன்று உண்டு. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் அவர் வேறு யாரையும் புத்தகத்தைத் தொட விடவில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆகவே நிரலிலும் வரவில்லை.

இதை விரல்விட்டு எண்ணலாம். இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு அடி: பார், எழுது. இந்த நான்கு அடிகளும் எத்தனை வரிசையில் கலந்து வரலாம்? ஆறு. முதல் ஆள் பார்த்து எழுதி முடித்தபின் இரண்டாம் ஆள் வருவது ஒன்று. இரண்டாம் ஆள் முதலில் வந்து முடிப்பது ஒன்று. இவை இரண்டும் சரி. மற்ற நான்கிலும் இருவரும் முதலில் பார்த்துவிடுகிறார்கள், இருவருக்கும் நாள் காலியாகத் தெரிகிறது, இருவரும் எழுதுகிறார்கள். ஆறில் நான்கு தப்பு! ஆனாலும் நிர்வாகக் குழுவின் சோதனையில் ஒன்றுகூட அகப்படவில்லை. ஒருவர் முடித்தபின் அடுத்தவர் என்று மரியாதையாகச் சோதித்தார்கள். அப்படிச் சோதித்தால் சரியான இரண்டு வரிசைகள் மட்டுமே நடக்கும். நடைமுறையிலும் இரண்டு அடிகளுக்கு நடுவே இருப்பது கண் இமைக்கும் நேரம்தான் என்பதால், தப்பான வரிசை வருடத்துக்கு ஒருமுறை வரலாம். அது வருவதோ கூட்டம் மொய்க்கும் நாளில்.

மூன்று பேரானால் வரிசைகள் 90. ஐந்து பேரானால் 113,400. மனிதர் உட்கார்ந்து சோதிக்கிற எண்ணிக்கை இல்லை இது.

இந்த இடத்தில்தான் ஆங்கிலத்தில் ஃபார்மல் மெத்தட்ஸ் என்று சொல்லும் துறை உதவிக்கு வருகிறது. கணிதவழிச் சரிபார்ப்பு என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். பெயரைக் கேட்டதும் இது பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கானது, நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்குகிறவர்களே அதிகம். அந்த எண்ணத்தை மாற்றவே இதை எழுதுகிறேன். அதன் மையக் கருத்து தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் தெரிந்ததுதான்.

பால் நிறுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பால் வெட்டியவர்கள் வாளிகளோடு வந்து நிற்பார்கள். கிராணியார் ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, செக்ரோலில் பெயருக்கு எதிரே எழுதுவார். யார் முதலில் வருவார், யார் கடைசியில் வருவார், யாருக்கு எவ்வளவு பால் என்பதெல்லாம் அன்றன்றைக்கு மாறும். ஒன்று மட்டும் மாறக்கூடாது: பெயர்களுக்கு எதிரே எழுதிய எடையின் கூட்டுத்தொகையும் தொட்டியில் ஊற்றிய பாலின் எடையும் எந்த நிமிடத்திலும் ஒத்திருக்க வேண்டும். இதைத்தான் இந்தத் துறையில் மாறா விதி என்கிறார்கள். எந்த வரிசையில் எது நடந்தாலும் உடையாத விதி.

கணிதவழிச் சரிபார்ப்பில் நாம் எழுதித் தரவேண்டியவை மூன்று. தொடக்கத்தில் நிலைமை என்ன? அங்கிருந்து என்னென்ன அடிகள் எடுத்துவைக்க முடியும்? எந்த விதி எப்போதும் உடையக்கூடாது? இவற்றைத் தெளிவான கணிதக் குறியீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், மாடல் செக்கர் என்னும் மென்பொருள் தொடக்க நிலையிலிருந்து புறப்பட்டு, போகக்கூடிய எல்லா வழிகளிலும் நடந்து பார்க்கும். விதி எங்காவது உடைந்தால், எந்த அடிக்குப் பின் எந்த அடி வந்து உடைந்தது என்று வரிசையாக எழுதித் தரும். நமக்குப் புலப்படாத அந்த நான்கு வரிசைகளும் அதன் கண்ணுக்குத் தப்பாது.

இப்படி எழுதுவதற்குப் பல மொழிகள் உண்டு. நான் பரிந்துரைப்பது டி.எல்.ஏ. பிளஸ். லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது. அவர் 2013-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர். இதில் எழுதுவது நிரல் அன்று, நிரல் எப்படி நடக்கவேண்டும் என்ற வரைவு. கோயில் பதிவுக்கான வரைவு ஒன்றிரண்டு பக்கத்தில் அடங்கிவிடும்.

முதல் பிழைக்கு மருந்து எளிது. பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்கமுடியாத ஒரே அடியாக ஆக்கினால் போதும். பெரும்பாலான தரவுத்தளங்களில் அதற்கு வசதி இருக்கிறது. மாடல் செக்கரை மீண்டும் ஓட்டினால், 'ஒரு நாளுக்கு ஒரே குடும்பம்' என்ற நம் முதல் விதி உடையவில்லை என்று சொல்லும். ஆனால் உபயத்துக்குப் பணம் கட்டவேண்டுமே. சிக்கல் அங்கேதான் உண்மையில் தொடங்குகிறது.

நாளைத் தேர்ந்ததும் அதைப் பத்து நிமிடம் பிடித்துவைப்போம், அதற்குள் எஃப்.பி.எக்ஸ். வழியாக வங்கியில் பணம் கட்டட்டும், கட்டாவிட்டால் நாளை விடுவித்துவிடுவோம் என்று முடிவு செய்கிறோம். எவருக்கும் நியாயமாகப் படும் ஏற்பாடு. சினிமா டிக்கெட், பஸ் டிக்கெட் விற்கிற தளங்களில் பார்த்துப் பழகியதும்கூட. இதை வரைவாக எழுதி மாடல் செக்கரிடம் கொடுத்தால் என்ன வரும்?

பீடோங் குடும்பம் மூன்றாம் நாளைப் பிடிக்கிறது. வங்கிப் பக்கத்துக்குப் போகிறது. லைன் மந்தம், வங்கி பணத்தை எடுத்துக்கொண்டது, ஆனால் செய்தி இன்னும் கோயில் தளத்துக்கு வந்து சேரவில்லை. பத்து நிமிடம் முடிகிறது. நாள் விடுபடுகிறது. பாடாங் செராய் குடும்பத்துக்கு அது காலியாகத் தெரிகிறது. பிடிக்கிறது, பணம் கட்டுகிறது, உறுதியாகிறது. அதன்பின் பீடோங் குடும்பத்தின் பணம் வந்துவிட்டது என்ற வங்கிச் செய்தி மெதுவாக வந்து சேர்கிறது. நிரல் என்ன செய்யும்? செய்தி வந்தால் உறுதிசெய் என்று எழுதியிருந்தால், ஒரு நாளுக்கு இருவர். நாள் போய்விட்டது என்று செய்தியைத் தள்ளிவிட்டால், ஒரு குடும்பத்தின் பணம் அந்தரத்தில் தொங்கும்.

ஆக, நமக்கு இரண்டாவது விதி ஒன்றும் வேண்டியிருந்தது, அதை எழுதவில்லை. பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒன்று நாள் கிடைக்கவேண்டும், அல்லது பணம் திரும்பவேண்டும். இந்தத் துறை எனக்குக் கற்றுத்தந்ததில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்: இன்னும் என்ன சொல்ல மறந்தாய் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, தாமதமாக வந்த பணத்தைத் திருப்பிவிடுவோம் என்று ஓர் அடியைச் சேர்க்கிறோம். மறுபடி ஓட்டினால் இன்னொரு வழித்தடம் வருகிறது. வங்கியின் செய்திக்கு நம் தளம் 'பெற்றுக்கொண்டேன்' என்று அனுப்பிய பதில் வழியில் தொலைந்துவிட்டது. வங்கி அதே செய்தியை மறுபடி அனுப்புகிறது. நம் நிரல் அதைப் புதிதாக வந்த பணம் என்று நினைத்து இரண்டாவது முறை திருப்பித் தருகிறது. கோயில் உண்டியலுக்கு நட்டம். ஒவ்வொரு பணத்துக்கும் ஓர் அடையாள எண், ஒரே எண்ணுக்கு ஒரே தடவைதான் திருப்பம் என்று எழுதினால் இது அடங்கும்.

பணம் கட்டத் தொடங்கியவரின் நாளை விடுவிக்கவே வேண்டாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்படிச் செய்தால் வங்கிப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப்போனவர் அந்த நாளை நவராத்திரி முடியும்வரை அடைத்துவைப்பார். எந்தத் தப்பும் நடக்கவில்லை, ஆனால் எதுவுமே நடக்கவில்லை. ஆகவே விதிகளில் இருவகை வைத்திருக்கிறார்கள். தப்பு ஒருபோதும் நடக்கக்கூடாது என்பது ஒருவகை. நடக்கவேண்டியது என்றாவது நடந்தே தீரவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் எழுதினால்தான் வரைவு முழுமை பெறும்.

இத்தனைக்கும் இந்தச் சோதனைக்கு நாம் எடுத்துக்கொண்டவை இரண்டு குடும்பங்களும் ஓரிரண்டு நாட்களும்தான். ஆயிரம் குடும்பங்களைப் போட்டால் வழிகளின் எண்ணிக்கை எந்தக் கணினிக்கும் அடங்காது. அது இந்த முறையின் உண்மையான எல்லை. ஆனால் வடிவமைப்பிலுள்ள கோளாறு பெரும்பாலும் இரண்டு, மூன்று பேரை வைத்தே வெளிப்பட்டுவிடுகிறது. உபயக் கதையிலும் மூன்றாவது குடும்பம் தேவைப்படவில்லை.

பெரிய நிறுவனங்கள் இதைச் செய்கின்றனவா? அமேசானின் இணையச் சேவைப் பிரிவு 2011 முதல் டி.எல்.ஏ. பிளஸ் பயன்படுத்துகிறது. அதன் பொறியாளர்கள் 2015-இல் எழுதிய கட்டுரையில் டைனமோ டிபி என்ற தரவுத்தளத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். அதில் மாடல் செக்கர் கண்டுபிடித்த ஒரு பிழையில், தரவு தொலைந்துபோக 35 அடிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடக்கவேண்டும். வடிவமைப்பு ஆய்வு, நிரல் ஆய்வு, சோதனை எல்லாவற்றையும் தாண்டி வந்த பிழை அது. 35 அடியை மனத்தில் வைத்துப் பார்க்கும் மனிதர் யாரும் இல்லை. இம்மொழியைப் புதிதாகக் கற்ற பொறியாளர்கள் இரண்டு, மூன்று வாரங்களில் பயன் கண்டார்கள் என்றும் அதே கட்டுரை சொல்கிறது.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். 2005 ஆகஸ்ட் 1. பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸ் எம்.எச். 124, போயிங் 777 ரகம். 38,000 அடியைத் தாண்டி மேலேறிக்கொண்டிருந்தபோது விமானத்தின் மூக்கு தானாக மேலே தூக்கிக்கொண்டது. சுமார் 41,000 அடிவரை ஏறி, வேகம் குறைந்து, விழப்போகிறது என்ற எச்சரிக்கை அடித்தது. விமானிகள் தானியங்கியைத் துண்டித்து, கையால் ஓட்டிப் பெர்த்துக்கே திரும்பி இறக்கினார்கள்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துக் கண்டது இது. விமானத்தின் அசைவை அளக்கும் பெட்டியில் முடுக்கமானிகள் பல உண்டு. அவற்றில் ஒன்று 2001 ஜூனிலேயே கெட்டுப்போய், பழுது என்று குறிக்கப்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. நான்கு வருடம் கழித்து, அன்று வானில் இன்னொன்றும் கெட்டது. அந்தக் கணத்தில் மென்பொருள், பழைய பழுதான கருவியின் கணக்கை மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டது. மென்பொருளின் முந்தைய பதிப்புகளிலும் அந்தப் பிழை இருந்தது. வேறொரு பகுதி அதை மறைத்துவைத்திருந்தது. புதிய பதிப்பில் அந்த மறைப்பு போய்விட்டது.

'ஒருமுறை பழுது என்று குறித்த கருவியின் கணக்கை இனி எடுக்கக்கூடாது' என்பது ஒரு வரியில் எழுதக்கூடிய மாறா விதி. ஒன்று கெட்டு, நாலு வருடம் கழித்து மற்றொன்று கெடும் வரிசையைச் சோதனைக்கூடத்தில் யார் நினைத்துப் பார்ப்பார்கள்? எல்லா வழியிலும் நடந்து பார்க்கும் இயந்திரத்துக்கு நான்கு வருடமும் நான்கு நொடியும் ஒன்றுதான். அதற்கு அவை இரண்டு அடிகள். அன்று அந்த விமானத்தில் இருந்தவர்கள் உயிரோடு திரும்பியது விமானிகளின் திறமை. மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்த நம்பிக்கையில் வாழக்கூடாது என்பது என் திடமான கருத்து.

இன்னொரு கதை நம் வாசலிலேயே தொடங்குகிறது. இன்டெல் 1972-இல் பினாங்கில் கால்வைத்தது. பிறகு கூலிமுக்கும் வந்தது. கெடாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போய் வேலைசெய்த தொழில் அது. 1994-இல் அந்த நிறுவனத்தின் பென்டியம் சில்லு வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போடுகிறது என்று அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், அந்தச் சில்லு 1.33373 என்றது. காரணம், வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பதித்திருந்த அட்டவணையில் ஐந்து கட்டங்கள் விடுபட்டிருந்தன. சில்லுகளை மாற்றித்தர இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி அமெரிக்க டாலர்.

அந்த அடிக்குப்பின் இன்டெல் கணிதவழிச் சரிபார்ப்பில் பெரிய அளவில் இறங்கியது. தசம எண் கணக்கைச் செய்யும் சுற்றுகளுக்குச் சோதனையை மட்டும் நம்பாமல் நிரூபணம் எழுதினார்கள். கோர் ஐ7 சில்லின் கணக்கிடும் பகுதியில், வழக்கமான சோதனையின் இடத்தைக் கணிதவழிச் சரிபார்ப்பே பெருமளவு எடுத்துக்கொண்டது என்று 2009-இல் அதன் பொறியாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டு பெரிய எண்களின் எல்லா ஜோடிகளையும் ஓட்டிப் பார்க்க யுகம் போதாது. நிரூபணம் எல்லா ஜோடிக்கும் ஒருசேரப் பதில் சொல்கிறது.

நிரூபணம் மாடல் செக்கரைவிடக் கடினமான வழி. பாரிஸ் நகரின் ஓட்டுநர் இல்லாத 14-ஆம் மெட்ரோ தடம் 1998 அக்டோபரில் திறந்தது. கோலாலம்பூரிலும் ஓட்டுநர் இல்லாத ரயில் அதே வருடம்தான் ஓடத் தொடங்கியது. பாரிஸ் தடத்தின் பாதுகாப்பு மென்பொருளை, ழான் ரேமோன் அப்ரியால் உருவாக்கிய பி முறையில் எழுதி நிரூபித்தார்கள். அதிலிருந்து கிடைத்த நிரல் 86,000 வரி. சிட்னியில் 2009-இல் நிரூபித்து முடித்த எஸ்.இ.எல்.4 என்னும் இயங்குதள மையத்தில் சி மொழி நிரல் சுமார் 8,700 வரி. அதன் நிரூபணம் ஏறக்குறைய இரண்டு லட்சம் வரி. கோயில் தளத்துக்கு இதை யாரும் கேட்கப்போவதில்லை. உயிர் தொங்கும் இடத்துக்கு அந்த உழைப்பு தகும்.

தமிழர் பங்கும் இதில் சிறிதன்று. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணி, தாமஸ் பால் என்பவருடன் சேர்ந்து மைக்ரோசாஃப்டில் ஸ்லாம் என்ற கருவியை உருவாக்கினார். விண்டோஸுக்கான டிரைவர் நிரல்கள் விதியை மீறுகின்றனவா என்று நிரலையே படித்துச் சொல்லும் கருவி அது. 2011-இல் இத்துறையின் பெரிய மாநாடான சி.ஏ.வி.யின் விருது அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த நடராஜன் சங்கர், பி.வி.எஸ். என்ற நிரூபணக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர். சென்னைக் கணிதவியல் கழகத்தில் இத்துறை ஆய்வு நெடுங்காலமாக நடக்கிறது.

செய்யமுடியாததையும் சொல்லிவிடவேண்டும். நீங்கள் எழுதிய விதி தப்பென்றால் இயந்திரம் அந்தத் தப்பான விதியைத்தான் காக்கும். ஒரு நாளுக்கு இரண்டு குடும்பம் சேர்ந்து உபயம் செய்வது அந்தக் கோயில் வழக்கம் என்றால், நம் முதல் விதியே பிசகு. அதைப் பழைய செயலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ளமுடியும். வரைவு சரி, ஆனால் நிரல் வரைவின்படி எழுதப்படவில்லை என்பதும் நடக்கும். ஆகவே சோதனையை விட்டுவிடலாகாது.

கூலிமிலோ சுங்கைப்பட்டாணியிலோ நான்கைந்து பேர் உட்கார்ந்து சம்பளக் கணக்கு, கடன் சங்கக் கணக்கு, கிளினிக் முன்பதிவு என்று மென்பொருள் எழுதும் அலுவலகத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எழுதும் எல்லாவற்றையும் சரிபார்க்க முயலாதீர்கள். பணம் கைமாறும் இடம், இரண்டு பேர் ஒன்றையே கேட்கும் இடம், செய்தி தாமதமாகவோ இரட்டிப்பாகவோ வரும் இடம்: இவற்றில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்றை எடுங்கள். நிரலைத் தொடுமுன் வெள்ளைத்தாளில், எது ஒருபோதும் நடக்கக்கூடாது, எது கட்டாயம் நடந்தே ஆகவேண்டும் என்று தமிழிலேயே எழுதுங்கள். அந்தத் தாளை வாடிக்கையாளரிடம் காட்டுங்கள், அவர் திருத்துவார். அதன்பிறகு அதை டி.எல்.ஏ. பிளஸ்ஸில் எழுதி ஓட்டிப் பாருங்கள். கருவி இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். லாம்போர்ட் தாமே பாடம் நடத்தும் காணொளிகளும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. இந்த வருட நவராத்திரிப் பதிவு தொடங்குமுன் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.